பார்வை ஒன்று, பார்வை இரண்டு

ஒரே தபால் பையில் வந்தன இரண்டும்.
முதலாவது எங்கள் கோட்டத்திலிருந்து:
ஏற்காடு மலைப்பாதை, பதினொன்றாம் கொண்டை ஊசி வளைவில்
சாலைமேல் சாய்ந்து நிற்கும் சில்வர் ஓக்கை
ஏழு நாட்களுக்குள் அகற்றி அறிக்கை தருக.
மற்றது வனத்துறையிலிருந்து:
கணக்கெடுப்பு முடியும்வரை
ஒரு கிளையும் ஒடிபடக் கூடாது,
மீறினால் சாலை ஆய்வாளரே பொறுப்பு.

சாலை ஆய்வாளர், மாதம்மாள், நான்தான்.
வெட்ட வேண்டிய கையும் என்னுடையது,
வெட்டினால் கட்டப்படும் கையும் என்னுடையது.

முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் இரண்டையும்
ஜாதகம் போலப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு பொருத்தமும் இல்லை,
கையெழுத்துப் போட்ட பச்சை மையைத் தவிர.

இரண்டாம் நாள் போன்.
அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி எடுத்தேன்.
"வெட்டிடும்மா, நான் பாத்துக்கறேன்."
சார், அதையே ஒரு வரி எழுத்தில், என்றேன்.
மலையில சிக்னல் விட்டுவிட்டு வருது என்றார்.
அவர் இருந்தது அஸ்தம்பட்டியில்.

நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்:
தேதி, மணி நான்கு பத்து, சொன்ன சொல் சொன்னபடி.
கடமையுணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
பயம்.
கனகவல்லி மேடம் ஒருமுறை
"பாத்துக்கறேன்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பிப்
பதினேழு-பி வாங்கினார்.
சொன்னவர் மாற்றலாகிப் போனார்,
சொல் மட்டும் மேடத்தின் பணிப்பதிவேட்டில் தங்கிவிட்டது.

அன்றிரவு ஒரு பக்கம் எழுதினேன்.
பொருள்: தெளிவுரை கோருதல்.
மேற்காண் இரு கடிதங்களையும்
ஒருசேர நிறைவேற்ற இயலாத நிலை உள்ளதால்...
மகன் எட்டிப் பார்த்தான்.
ரெண்டும் இடிக்குதுன்னு நேரா எழுத மாட்டியா?
எழுதலாம்டா.
யார் யாரை இடித்தார் என்று விசாரணை வரும்.
'பணிந்து' என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தேன்,
ஒன்றை அடித்தேன்.
இருவருக்கும் ஒரே கடிதம்,
ஒருவர் பெயர் மற்றவர் கண்ணில் படும்படி.
கடைசியில் ஒரு வரி:
பதில் வரும்வரை மரத்தைத் தொடாமல் பாதையைக் காப்பேன்.

அதை எந்தத் தாளும் தடுக்கவில்லை.
நான்கு தார் டிரம், சிவப்பு ரிப்பன்,
"மெதுவாக" என்று நானே பெயிண்டில் எழுதிய பலகை,
கொஞ்சம் கோணல்.
அப்புறம் விசிலோடு சடையன்,
ஐப்பசி மழையில் உரச்சாக்கை முக்காடிட்டுக்கொண்டு.
பஸ் ஏறும்போது ஊதி, இறங்குகிற கார்களை நிறுத்துவார்.

"ஏம்மா, இது விழுமா விழாதா?" என்றார்.
இரண்டு அலுவலகத்திலும் யாரும் கேட்டிராத கேள்வி.
குனிந்து வேரைப் பார்த்தேன்.
மண் பிளந்த இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு
காலையும் மாலையும் விரல்கடை அளந்தேன்.
மூன்று விரல்.
மூன்று.
மூன்று.
மூன்றரை.

ஆறாம் நாள் பதில் வந்தது:
"ஏற்கெனவே வழங்கப்பட்ட அறிவுரைகளைத்
தவறாது பின்பற்றவும்."
கோரிமேட்டில் வண்டிக்கடை முன் நின்று படித்தேன்.
தட்டுவடை செட்டின் காரட் துருவல்
சிரிப்பில் சிதறி உத்தரவின்மேல் விழுந்தது.
துடைத்தேன். பீட்ரூட் கறை போகவில்லை.

அதற்கும் எண் கொடுத்தேன், பார்வை மூன்று.
இம்முறை பணியவில்லை, பணியாமலும் இல்லை.
அளவுகளை இணைத்தேன், படத்தோடு:
பிளவில் என் மூன்று விரல், மிச்சமாக ஓர் இடைவெளி,
ஓரத்தில் சடையனின் செருப்பு.
நாளை காலை பத்து மணிக்கு
இரு துறையும் கூட்டாக நேரில் பார்வையிட வேண்டும்.
நான் அங்கே இருப்பேன்.

பத்து மணிக்கு மரமும் நாங்களும் பனியும்.
பத்தே காலுக்குக் கீழ்வளைவில் ஒரு ஜீப் உறுமியது.
யாருடையது என்று தெரியவில்லை,
பின்னால் இன்னொன்று வருகிறதா என்றும்.
அளவுக் கம்பை மழைநீரில் கழுவிக்கொண்டேன்.
சடையன் விசிலை வாயில் வைத்தார்.